ஓமானுக்கு இரண்டு நாள் போதுமா?

கேள்வி: 6 ஆகஸ்ட் 2023

டிசம்பர் கடைசியில் துபாயில் சித்தி மகன் வீட்டுக்குப் போகிறோம். நான், மனைவி, பத்து வயதுப் பையன், அம்மா (67 வயது, முழங்கால் வலி). மொத்தம் பன்னிரண்டு நாள். அதில் இரண்டு நாளை ஒதுக்கி, காரிலேயே ஓமான் போய் மஸ்கட், பாலைவனம், சலாலா மூன்றையும் முடித்துவிட்டு வரலாம் என்கிறான் தம்பி. 'அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை. மணல், கோட்டை, மறுபடி மணல்' என்றும் சொல்கிறான். இருந்தவர்கள் சொல்லுங்கள்.

7 ஆகஸ்ட் 2023

உங்கள் தம்பி வரைபடம் பார்க்காமல் பேசுகிறார். மஸ்கட்டிலிருந்து சலாலா ஆயிரம் கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பி மதுரை வரை வருகிற தூரம். நடுவில் ஆதம், ஹைமா, தும்ரைத் என்று பேர் சொல்ல மூன்று ஊர், மிச்சமெல்லாம் தட்டைப் பொட்டல். மணல்மேடுகூடக் கிடையாது, சும்மா சரளை. துபாயிலிருந்து மஸ்கட்டே 450 கிலோமீட்டர். எல்லையில் வரிசை நீண்டுவிட்டால் ஆறேழு மணி நேரம் காலி. துபாய் காருக்கு ஓமான் காப்பீடு தனியாக வாங்க வேண்டும், அதையும் தம்பியிடம் கேளுங்கள்.

ஐந்து நாள் ஒதுக்க முடிந்தால் போங்கள், வடக்கு மட்டும். முடியாவிட்டால் துபாயிலேயே இருந்து மாலில் மீன் பாருங்கள்.

7 ஆகஸ்ட் 2023, இரவு

காலையில் கொஞ்சம் கடுப்பாக எழுதிவிட்டேன். காரணம் இருக்கிறது. 2005 முதல் 2016 வரை பதினோரு வருடம் அங்கே இருந்தேன். தண்ணீர் மோட்டார் விற்கிற வேலை. கம்பெனி பிக்கப்பில் ஊர் ஊராகப் போய் பேரீச்சந் தோட்டக்காரர்களிடம் பம்ப் விற்பேன். ஆக, அந்த நாட்டை நான் சுற்றுலாவாகப் பார்க்கவில்லை, கிணறு கிணறாகப் பார்த்தேன். 'ஒன்றும் இல்லை' என்று முதல் இரண்டு வருடம் நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அந்த வாக்கியத்தை இன்னொருவர் சொன்னால் பழைய ஞாபகத்தில் சுருக்கென்கிறது.

9 ஆகஸ்ட் 2023

ஐந்து நாள் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. என் கணக்கு இது:

மஸ்கட்டில் ஒன்றரை நாள். காலையில் சுல்தான் காபூஸ் பெரிய மசூதி. முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் காலை எட்டிலிருந்து பதினொன்று வரைதான், வெள்ளிக்கிழமை கிடையாது. பெண்கள் தலையும் கையும் காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்காரர்கள் முழுக்கைச் சட்டையும் பெரிய துப்பட்டாவும் எடுத்துப் போகவும். இல்லையென்றால் வாசலில் அங்கி வாடகைக்கு எடுக்க வேண்டிவரும். உள்ளே விரித்திருக்கிற கம்பளம் ஒரே விரிப்பு, 4,300 சதுர மீட்டருக்கு மேல், எடை 21 டன். ஈரானில் அறுநூறு பெண்கள் நான்கு வருடம் நெய்தது. எல்லாரும் மேலே தொங்குகிற சரவிளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அதன் ஓரமாக நடந்து போவார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள்.

மாலையில் மத்ரா கடற்கரைச் சாலை, அப்படியே சந்தை. சந்தையில் பாதிக் கடைகள் நம் ஆட்களுடையவை என்பதால் பேரம் பேசுவதில் ஒரு சிக்கலும் இல்லை. அவர்களுக்கும் நம் பேரம் பழக்கம், அதுதான் சிக்கல்.

அப்புறம் நிஸ்வா. மஸ்கட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிஸ்வாவுக்கு வெள்ளிக்கிழமை காலைதான் போக வேண்டும், வேறு நாள் போனால் பாதி ஊரைப் பார்க்காத மாதிரி. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், கை வலிக்கிறது.

12 ஆகஸ்ட் 2023

நாளைக்கு என்று சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நிஸ்வா கோட்டைக்குப் பக்கத்தில் ஆட்டுச் சந்தை கூடும். நம் ஊர்ச் சந்தையில் ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வியாபாரி நிற்பார், வாங்குகிறவர் சுற்றி வருவார். அங்கே தலைகீழ். வாங்குகிறவர்கள் நடுமேடையிலும் வெளிவட்டத்திலும் அசையாமல் நிற்பார்கள். நடுவில் இருக்கிற வட்டப் பாதையில் வியாபாரிகள் ஆட்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். குட்டி என்றால் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு. விலையைக் கத்திக்கொண்டே ஓடுவார்கள். யாராவது கையை நீட்டினால் ஆடு நிற்கும். வாயைப் பிளந்து பல் பார்ப்பார், முதுகெலும்பை அழுத்துவார், மடியைத் தடவுவார், தலையை ஆட்டுவார், ஆடு மறுபடி ஓடும். வெள்ளை அங்கியில் ஒரு சொட்டு அழுக்கு இல்லாமல் ஒரு கிழவர், இடுப்பில் வெள்ளி வேலைப்பாட்டுக் கஞ்சர் கத்தி, கக்கத்தில் ஒரு கிடா. அந்தக் காட்சிக்காகவே போகலாம். ஒன்பது மணிக்கெல்லாம் கலைந்துவிடும். எட்டரைக்கு எழுந்து காலைச் சாப்பாடு முடித்துப் போகிறவர்களுக்குப் புழுக்கைதான் மிஞ்சும்.

கோட்டை அதே இடத்தில்தான். 1650களில் யாரூபி வம்சத்து இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டியது, பன்னிரண்டு வருட வேலை என்பார்கள். பெரிய வட்டக் கொத்தளம். பாதி உயரம்வரை மண்ணும் கல்லும் அடைத்து நிரப்பியிருப்பதால் பீரங்கிக் குண்டு பட்டாலும் ஆடாது. படிக்கட்டு வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கதவு, அதற்கு மேலே ஒரு துளை. கதவை உடைக்க வருகிறவன் தலையில் அந்தத் துளை வழியே கொதிக்கும் பேரீச்சம்பழப் பாகை ஊற்றுவார்கள். பாகு எங்கிருந்து வரும் என்றால், கீழே ஓர் அறையில் தரையில் வரிவரியாகக் கால்வாய் வெட்டியிருக்கிறது. பேரீச்சம்பழ மூட்டைகளை அடுக்கிவைத்தால் அதன் கனத்திலேயே சாறு கசிந்து ஓடி ஒரு மூலையில் சேரும். சமைக்கவும் அதுதான், சண்டைக்கும் அதுதான். உங்கள் பையனுக்கு இது ஒன்றே போதும்.

அம்மாவைக் கொத்தளத்தின் மேலே ஏற்ற வேண்டாம். படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்.

13 ஆகஸ்ட் 2023

'வாதியில் குளிக்கலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். வாதி என்றால் அங்கே காட்டாறு. கோர்ட்டு வாதி இல்லை. ஆனால் வாதாட முடியாத வாதி. வானம் உங்கள் தலைக்கு மேலே நீலமாக இருக்கும், நாற்பது கிலோமீட்டர் தள்ளி மலையில் பெய்த மழை பத்து நிமிடத்தில் சுவர் மாதிரி வரும். சாலை வாதியைக் கடக்கிற இடங்களில் வெள்ளை சிவப்பு அடித்த அளவுக் கம்பம் நட்டிருப்பார்கள். சிவப்பில் தண்ணீர் நின்றால் வண்டியை இறக்கக் கூடாது. உண்மையில் தண்ணீர் ஓடினாலே இறக்கக் கூடாது, அது சட்டப்படிக் குற்றம்.

2007 ஜூனில் கோனு புயல் வந்தபோது நான் மஸ்கட்டில்தான் இருந்தேன். குரும் பக்கம் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்ததைப் பார்த்தேன். மழையே பெய்யாத ஊர் என்று நினைத்து வந்தவனுக்கு அது பெரிய பாடம்.

அம்மா இருப்பதால் வாதி பனீ காலித் போங்கள். தண்ணீர்க் கால்வாயை ஒட்டி நல்ல நடைபாதை போட்டிருக்கிறார்கள், பச்சை நிறத்தில் குளம், ஓரத்தில் உட்கார இடம். வாதி ஷாப் அழகு அதிகம். ஆனால் அங்கே முதலில் படகில் ஒரு கடவு, பிறகு முக்கால் மணி நேரம் பாறை நடை, கடைசியில் நீச்சல். நீந்தத் தெரிந்தவர்களுக்குக் கடைசியில் ஓர் இடுக்கு வரும். தலை மட்டும் நுழைகிற அளவு. அதைத் தாண்டினால் உள்ளே குகை, குகைக்குள் அருவி. நான் அந்த இடுக்குவரை போய்த் திரும்பி வந்தவன். தொப்பை பிரச்சினை இல்லை, தைரியப் பிரச்சினை.

20 ஆகஸ்ட் 2023

இந்த இழையில் ஒருவர் 'அந்தக் கால்வாய், கால்வாய் என்கிறீர்களே, அது என்ன' என்று கேட்டார். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கோட்டையும் மணலும் எந்த நாட்டிலும் இருக்கும்.

அதன் பெயர் ஃபலஜ், பன்மை அஃப்லாஜ். மலையடியில் ஊற்று இருக்கிற ஆழம்வரை ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து ஊரை நோக்கி நிலத்துக்கு அடியிலேயே சுரங்கம், மிக மிக லேசான சரிவில். நிலம் தாழ்ந்துகொண்டே வர, சுரங்கம் ஒரு கட்டத்தில் தானாகவே வெளியே வந்துவிடும். மோட்டார் இல்லை, ஏற்றம் இல்லை, கவலை இல்லை (இரண்டு அர்த்தத்திலும்). கிலோமீட்டர் கணக்கில் நீளும். சரிவு கொஞ்சம் கூடினால் தண்ணீர் அரித்துவிடும், குறைந்தால் நின்று மண் தூர்ந்துவிடும். இதைக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் தோண்டியிருக்கிறார்கள். மனிதர்கள் தோண்டினார்கள் என்று நம்ப முடியாததால்தானோ என்னவோ, நபி சுலைமான் ஓமானுக்கு வந்தபோது தன் ஜின்களை ஏவித் தோண்டவைத்தார் என்று கதை சொல்வார்கள். ஏறக்குறைய மூவாயிரம் ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன. அதில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிஸ்வாவில் இருக்கிற தாரிஸும், பிர்கத் அல் மௌஸில் இருக்கிற கத்மீனும் உங்கள் வழியிலேயே வரும்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் குடிதண்ணீர். அதற்குக் கீழே மசூதி, அதற்கும் கீழே குளிக்கிற இடம், கடைசியில்தான் தோட்டம். அந்த வரிசை மாறாது. தோட்டத்துக்கு யாருக்கு எவ்வளவு என்பது அளவில் இல்லை, நேரத்தில். அரை மணி நேரம் ஒரு பங்கு. பகலில் கோல் நட்டு அதன் நிழலை வைத்துக் கணக்கு, இரவில் நட்சத்திரம். இன்றைக்குக் கைபேசியில் மணி பார்ப்பார்கள். ஆனால் முறை அதே முறை. சில பங்குகளை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் கால்வாய் தூர் வாருவார்கள்.

மிஸ்ஃபாத் அல் அப்ரியீன் என்று மலைக்கிராமம், அல் ஹம்ராவுக்கு மேலே. வாழைக்கும் பேரீச்சைக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் தண்ணீர் ஓடும். ஒரு கிழவர் கால்வாயின் பக்கத்துளையில் அடைத்திருந்த கந்தல் துணியையும் கல்லையும் உருவினார். தண்ணீர் திரும்பி ஒரு பாத்திக்குள் போயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். அரை மணி கழித்து எழுந்து அதே கந்தலை அதே துளையில் அடைத்தார். அந்த அரை மணி நேரமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பம்ப் விற்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே பேரீச்சம்பழமும், காவா என்கிற ஏலக்காய் போட்ட அரபுக் காபியும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

21 ஆகஸ்ட் 2023

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான் விட்டேன். பாத்தினா கடற்கரைச் சமவெளியில் என் வியாபாரம் அமோகம். ஃபலஜ் எட்டாத இடமெல்லாம் கிணறு, கிணறெல்லாம் பம்ப். அளவுக்கு மீறி இறைத்ததில் நிலத்தடி நீர் இறங்கி, அந்த இடத்துக்குக் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. உப்பேறித் தோட்டங்கள் காய்ந்தன. முதல் ஐந்து வருடத்தில் நான் பம்ப் விற்ற இடங்கள் சிலவற்றில் அப்புறம் மரம் இல்லை, வெறும் மொட்டைத் தண்டுகள். 'இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போடுங்கள்' என்று நான்தான் சொல்லியிருப்பேன். டார்கெட் இருந்தது.

சரி, சுற்றுலாவுக்கு வருவோம்.

2 செப்டம்பர் 2023

பாலைவனம். ஷர்கியா மணல்வெளி, பழைய பேர் வஹீபா. மஸ்கட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அதன் வடக்கு ஓரத்தில் இருக்கிற பிதியா வந்துவிடும். முகாம்காரர்களே தார்ச்சாலை ஓரத்தில் வந்து அழைத்துப் போவார்கள், அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள். 'தம்பி வண்டி ஃபோர்வீல்தான்' என்று நீங்களே இறங்க வேண்டாம்.

நான் இறங்கியவன். டயரில் காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று தெரியும், செய்தேன். நடு மேட்டில் நிறுத்தக் கூடாது என்று தெரியாது. போட்டோ எடுக்க நிறுத்தினேன். கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கிணறு வெட்டிக்கொண்டு இறங்கியது. அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு பையன், பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்காது, பழைய டொயோட்டாவில் தலை மட்டும் தெரிய ஓட்டிக்கொண்டு வந்தான். என்னை இறங்கச் சொன்னான். டயரில் இன்னும் காற்றை இறக்கினான், சக்கரங்களுக்குப் பின்னால் மணலைக் கையாலேயே வாரினான். முன்னே போகப் பார்க்கவேயில்லை. ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே நழுவவிட்டுக் கீழே கொண்டுவந்து நிறுத்தினான். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. 'இந்தியா?' என்றான். 'ஆமாம்.' 'ஷாருக் கான்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

3 செப்டம்பர் 2023

சாப்பாடு கேட்டவருக்கு: ஷுவா கிடைத்தால் விடாதீர்கள். மசாலா தடவிய கறியை வாழை இலையிலோ பேரீச்ச ஓலையிலோ சுற்றி, மண்ணுக்குள் கங்குக் குழியில் ஒரு நாளோ இரண்டு நாளோ மூடிவைப்பது. பெருநாள் சாப்பாடு. சாலையோரம் மாலையில் மிஷ்காக், அதாவது கம்பியில் சுட்ட கறித்துண்டு. சைவக்காரர்களுக்கு: பரோட்டாவில் கிரீம் சீஸ் தடவி, சிப்ஸ் ஓமான் பாக்கெட்டை நொறுக்கிக் கொட்டிச் சுருட்டித் தருவார்கள், கூடவே கரக் சாயா. கேட்டால் அபத்தமாக இருக்கும். தின்றுவிட்டு வந்து பேசுங்கள்.

17 அக்டோபர் 2023

யாரோ 'சலாலாவை ஏன் ஒரேயடியாக வெட்டிவிட்டீர்கள்' என்று சண்டைக்கு வந்திருக்கிறார். ஐயா, டிசம்பரில் சலாலா போவதில் என்ன இருக்கிறது? அந்த ஊரின் பெருமையே கரீஃப். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பருவக்காற்று மலையில் மோதித் தூறலும் மூடுபனியுமாக இருக்கும். வளைகுடா முழுக்கக் கொதிக்கும்போது அங்கே மட்டும் புல் முளைக்கும். அரபுக் குடும்பங்கள் பாய் விரித்து நனைந்துகொண்டே பிரியாணி சாப்பிடுவார்கள். தென்னை, வாழை, பப்பாளி, ரோட்டோர இளநீர். நமக்கு என்ன புதுசு? கேரளாவைப் பார்க்க எதற்கு ஓமான்?

18 அக்டோபர் 2023

மேலே இருப்பது தப்பு. சலாலாவில் இருக்கிற நண்பர் தனியாக எழுதி நன்றாகவே திட்டினார். 'ஊரின் பச்சையை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறாய். மலைக்குப் பின்னால் என்ன விளைகிறது என்று மறந்துவிட்டாயா?'

மறக்கவில்லை. அந்தத் தூறல் எட்டாத, மலைக்கு மறுபுறம் வறண்ட சரிவில்தான் சாம்பிராணி மரம். சலாலா இருக்கிற தெற்குப் பகுதிக்குத் தோஃபார் என்று பேர், அதன் பழைய செல்வமெல்லாம் அதுதான். பட்டையைச் சின்னக் கத்தியால் செதுக்கிவிட்டால் பால் மாதிரி கசியும், காற்றுப்பட்டு முத்து முத்தாக இறுகும். முதல் செதுக்கலில் வருவதை மதிக்க மாட்டார்கள். மறுபடி செதுக்கி, வாரக்கணக்கில் காத்திருந்து எடுப்பதுதான் சரக்கு. வெளிறிய பச்சையாக, தெளிவாக இருந்தால் ஹோஜரி ரகம், விலை எகிறும். எகிப்துக் கோயிலுக்கும் ரோமுக்கும் போனது, கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஞானிகள் தட்டில் வைத்துக் கொண்டுவருவது எல்லாம் இதுதான். சலாலாவுக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டரில் வாதி தௌகாவில் மரங்களையே பார்க்கலாம். பார்வைக்கு ஒன்றும் இல்லை, உடைமுள்ளுக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கும். பட்டையைக் கீறி முகர்ந்தால்தான் தெரியும்.

19 அக்டோபர் 2023

திருத்தம். சாம்பிராணி மரம் என்று எழுதியது சரியில்லை என்று ஒரு நாட்டுமருந்துக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். நம் கடைகளில் சாம்பிராணி என்று விற்பது சுமத்ரா பக்கத்து வேறு மரத்துப் பிசின். ஓமானில் லுபான் என்கிறது நம் பக்கம் குந்திரிக்கம் என்கிற வகையோடு சேர்ந்தது. ஒத்துக்கொள்கிறேன். பதினோரு வருடமும் ஊருக்குக் கொண்டுவந்து 'ஓமான் சாம்பிராணி' என்று எல்லா வீட்டுக்கும் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. என் அத்தை மட்டும் 'வாசம் நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம கம்ப்யூட்டர் சாம்பிராணி மாதிரி புகை வரலையே' என்றார்.

4 நவம்பர் 2023

'உபார் என்ற தொலைந்த நகரம் பற்றி எழுதுங்கள்' என்கிறார்கள். ஷிஸ்ர் என்ற இடம். செயற்கைக்கோள் படத்தில் பழைய ஒட்டகத் தடங்கள் எல்லாம் அங்கே கூடுவதைப் பார்த்துத் தோண்டி, 1992இல் உலகமே பரபரப்பானது. போனேன். சலாலாவிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் இடிந்த சுவர். கோட்டைக்கு அடியில் இருந்த சுண்ணாம்புக் குகை உள்வாங்கி, மேலே இருந்தது சரிந்திருக்கிறது. கதை பெரிது, பள்ளம் சின்னது. இதுதான் உபாரா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் சண்டை. என் டீசல் செலவுக்கு யாரும் சண்டை போடவில்லை.

இதைவிடச் சோகம் ஓரிக்ஸ் என்கிற நீளக் கொம்புப் பாலைவன மானின் சரணாலயம். கடைசிக் காட்டு ஓரிக்ஸை 1972இல் ஓமானில்தான் சுட்டார்கள். பிறகு வளர்ப்பிலிருந்து கொண்டுவந்து 1982இல் மறுபடி திறந்துவிட்டு, 450 வரை பெருகியது. 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. திரும்பவும் திருட்டு வேட்டை, எண்ணிக்கை 65க்கு இறங்கியது. அரசு எண்ணெய் தேடச் சரணாலயப் பரப்பில் தொண்ணூறு சதவீதத்தை வெட்டியது. 2007இல் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். உலகத்திலேயே அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அது.

20 டிசம்பர் 2023

நாளைக் கழித்துக் கிளம்புகிறீர்கள். மூன்று விஷயம் மட்டும். நிஸ்வா பக்கத்து ஜபல் அக்தர் மலைக்கு ஃபோர்வீல் இல்லாத சாதாரணக் காரில் போக முடியாது, அடிவாரச் சாவடியிலேயே திருப்பி அனுப்புவார்கள். ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் முட்டையிட வருகிற ஆமைகள் டிசம்பரில் குறைவு, கோடையில்தான் கூட்டம். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு. ரியாலில் சில்லறை கவனம்: ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. 'ஐந்நூறு' என்று கடைக்காரர் சொன்னதும் பயந்துவிடாதீர்கள், அது அரை ரியால். அரை ரியால் நம் காசில் நூறு ரூபாய்க்கு மேல் என்பதால் கொஞ்சம் பயப்படலாம்.

9 ஜனவரி 2024

(கேள்வி கேட்டவர்) வந்துவிட்டோம். தம்பியும் கூட வந்தான், லீவு போட்டு. நிஸ்வாச் சந்தையில் பையன் ஒரு குட்டியை வாங்கியே தீர வேண்டும் என்று அழுது தீர்த்தான். அம்மா பனீ காலிதில் கால்வாயில் காலைத் தொங்கப் போட்டபடி இரண்டு மணி நேரம் எழவில்லை. ஆமை ஒன்று பார்த்தோம். இரவு ஒன்பது மணிக்குச் சிவப்பு விளக்குடன் வழிகாட்டி கூட்டிப் போனார். பின் துடுப்பு இரண்டையும் கரண்டி மாதிரி வளைத்து, ஒரு கை மணலை அள்ளி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த துடுப்பால் அள்ளியது. குழிக்குள் எட்டிப் பார்க்காமலேயே! முட்டை பிங்பாங் பந்து மாதிரி விழுந்தது. முடிந்ததும் முன் துடுப்பால் வீசி அடித்த மணல் முழுக்க என் முகத்தில். தம்பி சொன்னது: 'மணல்தான் இருக்கும்னு சொன்னேன்ல.'

10 ஜனவரி 2024

தம்பியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

17 ஏப்ரல் 2024

ஓமான் மழைச் செய்தி பார்த்தீர்களா? வடக்கில் வாதி வெள்ளம், பள்ளிக் குழந்தைகளும் போய்விட்டார்கள். ஆகஸ்டில் நான் கோர்ட்டு வாதி என்று ஜோக் அடித்திருந்தேன். அழிக்க வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் அடுத்துப் படிக்கிறவர்கள் கம்பம் பற்றி எழுதியிருக்கிற பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

25 ஆகஸ்ட் 2024

எட்டு வருடத்துக்குப் பிறகு போயிருந்தேன், நேராகச் சலாலா. நண்பர் டிக்கெட்டே போட்டு அனுப்பிவிட்டார், திட்டியதற்குப் பரிகாரமாக. கேரளா மாதிரி என்று எழுதினேனே, இல்லை. கேரளாவில் மழை பெய்யும். இங்கே மழை நின்ற இடத்திலேயே தொங்குகிறது. ஒட்டகம் மூடுபனிக்குள்ளிருந்து கழுத்து மட்டும் வெளியே வருகிறது.

போனது வேறு ஒன்றுக்காக. தாக்காவிலிருந்து மிர்பாத் போகிற சாலையில் கோர் ரோரி என்று பழுப்புப் பலகை இருக்கும். பம்ப் விற்ற காலத்தில் அதைக் குறைந்தது இருபது தடவை கடந்திருப்பேன். ஒரு தடவைகூட வண்டியைத் திருப்பவில்லை. அங்கே தோட்டம் இல்லை, தோட்டம் இல்லாவிட்டால் கிணறு இல்லை.

சும்ஹுரம் என்ற பழைய துறைமுகம் அது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் இன்றைய ஏமன் பக்கத்து ஹத்ரமௌத் அரசு கட்டியது, லுபான் ஏற்றுமதிக்கு. ஐந்தாம் நூற்றாண்டுவரை இருந்திருக்கிறது. இத்தாலிய அகழாய்வுக் குழு 2006இல் அங்கே ஒரு பானை ஓடு எடுத்தது. உடைந்த பானையின் துண்டை மூடியாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதில் தமிழ் பிராமி எழுத்து. 2012இல்தான் விஷயம் வெளியே வந்தது. 'ணந்தை கீரன்' என்று படித்திருக்கிறார்கள். கிபி முதல் நூற்றாண்டு. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது நான் சலாலாவில் ஒரு லாட்ஜில் பில் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன், அந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள். அப்போதும் போகவில்லை. மறுநாள் தும்ரைத்தில் டெலிவரி.

கீரன் யாரென்று தெரியாது. வியாபாரியாக இருக்கலாம், மாலுமியாக இருக்கலாம். அந்த மூடி எந்தப் பானையை மூடியது என்றும் தெரியாது. என் பாத்திரத்தை எவனும் எடுத்துவிடக் கூடாது என்று பேர் பொறித்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது. மஸ்கட் ரூவியில் எட்டுப் பேர் ஒரு ரூமில் இருந்தபோது என் டிபன் பாக்ஸின் மூடியில் ஆணியால் நான் பேர் கீறி வைத்திருந்தேன்.

26 ஆகஸ்ட் 2024

இடம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒரு மேட்டின் மேல் சுண்ணாம்புக்கல் மதில், நுழைவாயிலில் பழைய தென்னரபு எழுத்தில் கல்வெட்டு, உள்ளே குறுகிய சந்துகளும் சேமிப்பறைகளும். கீழே கழிமுகம். கடல் வாயை மணல்திட்டு அடைத்துவிட்டதால் கப்பல் நின்ற இடம் இப்போது அமைதியான ஏரி, அதில் பூநாரைகள். கரீஃப் கூட்டமெல்லாம் புல்மேட்டில் இருந்தது. இங்கே நானும் ஒரு காவலரும். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். அப்படி ஒன்று அவர் கேள்விப்படவில்லை. 'கேரளா பக்கத்தில்' என்றேன், உடனே புரிந்தது. கீரன் பேரைச் சொல்லிப் பார்த்தேன். எந்தக் கம்பெனியில் வேலை என்று கேட்டார்.

திரும்பும்போது வண்டியை எடுக்க முடியவில்லை. நான்கு ஒட்டகங்கள் பானெட்டை ஒட்டிப் படுத்திருந்தன. ஹாரன் அடித்தேன், ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காவலர் உள்ளே போய் இரண்டு கரக் சாயா எடுத்துக்கொண்டு வந்தார்.